மூன்று விரல் சாம்பல்

எங்கள் ஊர்ப் பக்கம் தெருவில் நடக்கும்போது குனிந்து பார்த்தால் என் வேலை தெரியும். மேன்ஹோல் மூடிகள். அதில் இருக்கும் கட்டக் கோடுகள், நடுவில் வருஷம், ஓரத்தில் ‘சவரி’ என்ற மூன்றெழுத்து, எல்லாம் நான் வரைந்தவை. பதினோரு வருஷத்தில் ஆறு வகை மூடி வரைந்திருக்கிறேன். ஏழாவது வகை யாருக்கும் தேவைப்படவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமாவில் முதல் வகுப்பில் தேறியவளுக்கு இது போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் அம்மாவும் நினைத்தாள்.

1999 பிப்ரவரியில், இரும்பு வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியின் முதலாளி சவரிராஜ் ஒரு பொட்டலத்தை என் டிராயிங் மேஜையில் வைத்தார். தினசரித் தாளைப் பிரித்தேன். பாதி உருகி, பாதி வெடித்த ஓர் இரும்புத் துண்டு.

“என்னான்னு சொல்லு ரெஜினா.”

“இரும்பு சார்.”

“அது எனக்கும் தெரியும்.”

அது ஒரு கிரேட் கம்பி. குறிஞ்சிப்பாடி போகும் ரோட்டில் ‘தென்பெண்ணை என்விரோ’ என்றொரு கம்பெனி குப்பை எரிக்கும் உலை வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கழிவு, மார்க்கெட் குப்பை, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, எல்லாம் அங்கே போகும். விறகடுப்பின் அடியில் இரும்புத் தட்டு இருக்குமே, அதைப் பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கிரேட். நாற்பத்தெட்டு வார்ப்பிரும்புத் துண்டுகளை அடுக்கியது. கம்பி என்று உலைக்காரர்கள் சொல்வார்களே தவிர, ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி நீளம், ஒன்பது கிலோ. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. கீழே ஒரு புளோயர் காற்று ஊதும். அந்தக் காற்று கம்பிகளை உரசிக்கொண்டு மேலே போய்க் குப்பையை எரிக்கும், போகிற வழியில் கம்பிகளையும் குளிரவைக்கும். குளிரவைக்கும் என்றால் நானூறு டிகிரிக்குள் வைத்திருக்கும். மேலே தொள்ளாயிரம்.

உலையோடு வந்த கம்பிகள் எழுபது நாளில் எரிந்துபோயின, வேறு இல்லாததால் அவற்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நூற்றெண்பது நாள் தாங்கும் கம்பியை நாங்கள் வடிவமைத்து வார்த்துத் தர வேண்டும். மூன்று செட் வரைக்கும் பார்ப்பார்கள், அதற்கும் மேல் கோயம்புத்தூர்க் கம்பெனியிடம் போவார்கள்.

“இது நடந்தா நம்மகிட்ட டிசைன் செக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும். நடக்கலன்னா மறுபடியும் மூடிதாம்மா” என்றார் சவரிராஜ்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. யாரும் காலால் மிதிக்காத ஒரு பொருளை ஒரு தடவையாவது வரைந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அளவெடுக்கப் போனபோதுதான் கலியனைப் பார்த்தேன். முதல் ஷிஃப்ட் ஆபரேட்டர், காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஒரு முடி கிடையாது, புருவம் பாதிதான் இருந்தது. நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன குடும்பம். நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஒரு வேலை என்று வந்தது அண்ணனுக்குப் போய்விட்டது. இவர் பதிமூன்று வருஷம் வேறு எங்கெங்கோ பாய்லர்களில் கான்ட்ராக்ட்டில் ஓடி, இங்கேயும் கான்ட்ராக்ட்டில் வந்து சேர்ந்திருந்தார். கம்பெனி வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சிலரைப் பெர்மனென்ட் செய்து லிஸ்ட் போடும். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

“பாய்லருல ஒரு முறை உண்டு மேடம். அடுத்த ஷிஃப்ட்டுக்காரனுக்கு சுத்தமா கைமாத்தணும். அழுக்கா குடுத்தா அது நம்ம சாப்பிட்ட தட்ட அடுத்தவனுக்கு நீட்டுற மாதிரி.”

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உலைக் கதவைத் திறந்து, ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமுள்ள இரும்புச் சுரண்டியை விட்டு, கிரேட்டின் மேலிருந்த சாம்பலை ஒரு பொட்டு விடாமல் இழுத்துத் தள்ளினார். கம்பிகள் வரிசையாகப் பளிச்சென்று தெரிந்தன. நான் வேலை செய்யும் ஃபவுண்டரியில் குடிதண்ணீர்ப் பானையைக்கூட யாரும் அப்படிக் கழுவியதில்லை.

மேனேஜர் கொளஞ்சிநாதன் டீ கொடுத்தார், பார்வையாளர் நோட்டை நீட்டினார். டீ குடித்தால் எழுத வேண்டும், அதுதான் எங்கேயும் வழக்கம். எழுதினேன்: ‘கிரேட் மிகச் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. முதல் ஷிஃப்ட் ஆபரேட்டர் திரு. கலியன் பாராட்டுக்குரியவர். மற்ற ஷிஃப்ட்டுகளும் இதைப் பின்பற்றலாம்.’ கீழே கையெழுத்து, பதவி: வடிவமைப்பாளர். அந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவையாக என் பெயருக்குக் கீழே எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

முதல் செட் அறுபத்திரண்டு நாள் தாங்கியது. நாங்கள் தலையிடாமல் இருந்தபோது எழுபது.

இரும்பில் குரோமியத்தைக் கூட்டினேன். அறுபத்தாறு நாள். கம்பியின் அடிப்பக்கத்தில் காற்றுக்கு அதிகப் பரப்புக் கிடைக்கட்டும் என்று மெல்லிய செதில்கள் போட்டு, பக்கத்து இடைவெளியை மாற்றி, மூன்று மாதம் கணக்குப் போட்டு வரைந்தேன். எழுபத்தொரு நாள். இந்த வேகத்தில் போனால் நூற்றெண்பதைத் தொட இன்னும் இருபத்திரண்டு செட் வேண்டியிருக்கும். சவரிராஜ் கணக்கில் புலி அல்ல, ஆனால் இந்தக் கணக்கை அவரே போட்டுக்கொண்டு வந்து சொன்னார். செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தோணியாருக்கு விரதம் இருந்தார், அதனால் குரலை உயர்த்தவில்லை.

நவம்பரில் எரிந்துபோன மூன்றாம் செட் ஒரு டெம்போவில் ஃபவுண்டரிக்கு வந்தது. கம்பிகளின் மேல் கலியன் உட்கார்ந்திருந்தார். இறக்கிவைத்ததும் பார்த்தேன், ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் நம்பர்: ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை. எந்தக் கம்பி எந்த இடத்தில் இருந்தது என்று குறித்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“கழட்டும்போதே போட்டுட்டன் மேடம். உங்களுக்கு எதுக்காவது ஆவும்னு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒங்க கம்பிக்கு நான் ஒரு கொறையும் வெக்கல மேடம். எம்மாம் சுத்தமா வெச்சிக்கினு இருக்கறன் தெரியுமா? அப்பவும் இப்பிடி ஆவுது.”

தரையில் அவர் போட்ட நம்பர்படி அடுக்கினோம். நாற்பத்தாறு கம்பிகள் செத்துப்போயிருந்தன. நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் புதிது மாதிரி இருந்தன. வார்ப்பில் நான் போட்ட ‘ர-3’ என்ற அடையாளம்கூட அழியவில்லை.

“இது ரெண்டும் எங்க இருந்துச்சு?”

கலியனின் முகம் மாறியது. “அது இடதுகை மூலை மேடம். அங்க செங்கல் துருத்திக்கினு இருக்கும், சுரண்டி போவாது. மன்னிச்சிக்கங்க. அசிங்கமாத்தான் இருக்கும், மூணு விரக்கடைக்கு சாம்பல் கெடக்கும். மேனேஜர் திங்கக்கெழம ரெண்டு மணிக்கு ஒலைக் கதவு ஓட்ட வழியா பாப்பாரு, அவரு கண்ணுக்கு அந்த மூல தெரியாது. அதனால தப்பிச்சிக்கினு இருக்கறன்.”

நாற்பத்தெட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன்.

“சுரண்டும்போது புளோயர் ஓடுமா?”

“நிறுத்திடுவன். இல்லாட்டி நெருப்பு மூஞ்சில அடிக்குமே.”

“எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க?”

“முன்ன பத்து நிமிசம். நீங்க நோட்டுல எழுதனதுக்கு அப்பறம் அர மணி நேரம்.”

அவர் போன பிறகு கணக்கே தேவைப்படவில்லை. காற்றால் குளிரும் கம்பிக்குத் தினமும் அரை மணி நேரம் காற்று இல்லை. மேலிருந்து தொள்ளாயிரம் டிகிரியில் உலையின் கூரைச் செங்கல் தகிக்கிறது. அதற்கும் கம்பிக்கும் நடுவே குடை மாதிரி இருக்க வேண்டிய சாம்பலை ஒரு மனிதர் கைமுடி கருகக் கருக வழித்து எடுக்கிறார். கம்பி பழுக்கக் காய்ந்த பிறகு ஈரக் குப்பை வந்து விழுகிறது. இதற்கு மேல் அது எழுபத்தொரு நாள் உழைத்ததே பெரிய விஷயம். மற்ற இரண்டு ஷிஃப்ட்டுக்காரர்களும் மேலோட்டமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறவர்கள். என் கம்பிகளுக்கு உண்மையான நண்பர்கள் அவர்கள்தான்.

உலையோடு வந்தவை எழுபது, என் முதல் செட் அறுபத்திரண்டு. என்னுடைய மூன்று வரிப் பாராட்டு எட்டு நாளைத் தின்றிருந்தது.

மூன்று செட்டும் ஏன் எரிந்தன என்று உலைக் கம்பெனியில் புதன்கிழமை விசாரணை வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கலியனிடம் சொல்லிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்தத் தெருவிலேயே வாசல் மிகச் சுத்தமாக இருந்த வீடு அது. அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி விருத்தாம்பாள் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். துடைக்கத் தேவையே இருக்கவில்லை.

“நீங்கதான் அந்த ரெஜினா மேடமா? உக்காருங்க, உக்காருங்க. வூட்டுல ஒங்க பேரச் சொல்லாத நாளே கெடயாதுங்க.”

பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். ரேஷன் கார்டு இருந்தது. நிலம் எடுத்ததற்கான பழைய நோட்டீஸ் இருந்தது. கடைசியாக, லேமினேஷன் செய்த ஒரு தாள். நோட்டில் நான் எழுதிய பக்கத்தின் ஜெராக்ஸ். என் கையெழுத்து பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தது.

“பதினாலு வருசமா கான்ட்ராக்ட்டுங்க. நல்லா செய்யறான்னு வாயால சொல்றாங்க, எழுதிக் குடுக்கச் சொன்னா ஆளக் காணோம். நீங்க ஒருத்தருதான் எழுதுனது. மார்ச்சி லிஸ்ட்டுக்கு மேனேஜருகிட்ட இதத்தான் காட்டப் போறாரு.”

கலியன் ஒரு பாட்டில் கலர் சோடாவோடு வந்தார். எனக்கு ஒன்று, அவர்களுக்கு இல்லை. நான் அதைக் குடித்தேன். உலை சம்பந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மழை வருமா என்று பேசினோம், வராது என்று முடிவு செய்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்மேலேயே எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. யாரோ கொடுத்த டீக்காக எழுதிய மூன்று வரி. அதைப் படித்துவிட்டு ஒரு மனிதர் தினமும் இருபது நிமிஷம் கூடுதலாக நெருப்பில் நின்றிருக்கிறார்.

விசாரணையில் மேஜையின் ஒரு பக்கம் கொளஞ்சிநாதனும் அவருடைய ஆட்கள் இருவரும், மறுபக்கம் சவரிராஜும் நானும். காட்டுவதற்காக இரண்டு கம்பிகளைத் தூக்கிக்கொண்டு கலியன் கதவோரம் நின்றார். கீழே வைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் அவர் வைக்கவில்லை.

“ஆபரேஷன்ல ஏதாவது தப்பு இருந்தா தயங்காம சொல்லுங்க மேடம். ஆளை மாத்திடலாம், கான்ட்ராக்ட்தானே” என்றார் கொளஞ்சிநாதன்.

பதினெட்டு கிலோ இரும்போடு கலியன் நின்றுகொண்டிருந்தார்.

“டிசைன் தப்பு சார்” என்றேன். “கம்பிக்கு மேல சாம்பல் தங்கணும். என் கம்பியில தங்கல.”

அந்த அறையில் அதுவரை யாரும் தப்பை ஒத்துக்கொண்டதில்லை போலிருக்கிறது, அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கதவோரத்திலிருந்து கலியன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். எனக்காக வருத்தப்பட்டார். கடைசியில் கொளஞ்சிநாதன் தொண்டையைச் செருமிவிட்டு, இன்னும் ஒரே ஒரு செட் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் சவரிராஜ் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே கத்தினார். “ஒத்துக்கிட்டு வந்துட்டியே! உன்ன யாரும்மா ஒத்துக்கச் சொன்னது?”

“ஒத்துக்கிட்டதாலதான் சார் இன்னொரு செட் கெடச்சுது.”

“கடைசி செட்டு. இது போச்சுன்னா நீ மூடி, நான் மூடி, நம்ம ஃபவுண்டரியே மூடி.”

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. கம்பியின் மேல்முகத்தில் ஐந்து குழிகள், கட்டைவிரல் ஆழம். சுரண்டி மேலே வழுக்கிக்கொண்டு போகும், குழிக்குள் இருக்கும் சாம்பல் அப்படியே தங்கும். கலியன் எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டிக்கொள்ளலாம். நான் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய லேமினேஷன் தாளுக்கும் எந்த ஆபத்தும் இல்லை. யார் மனசும் நோகாத கம்பி. 2000 பிப்ரவரி மூன்றாம் தேதி மாட்டினார்கள்.

பதினாறு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, ஃபவுண்டரி போன் அடித்தது.

“மேடம், கலியன் பேசறன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. கம்பி மேல புதுசா குழி போட்டிருக்கறீங்களே, அதுல சாம்பல் உக்காந்துக்கினு வரவே மாட்டேன்னுச்சு. ரெண்டு வாரமா எனக்குச் சோறு எறங்கல. நேத்து வெல்டிங் ராட வளச்சி ஒரு கொக்கி செஞ்சேன். இருநூத்தி நாப்பது குழி மேடம், ஒண்ணு விடாம நோண்டி எடுத்துட்டன். முக்கா மணி நேரம் ஆச்சி. வந்து பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்குது.”

நான் போனை வைத்தேன். சவரிராஜ் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை சார், வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார் என்றேன்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அவர் வெளியே வரும்போது நான் குப்பை லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஓரம் நின்றிருந்தேன். கையில் கொக்கியோடு வந்தார், எனக்குக் காட்டுவதற்காக. கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார்.

“கலியன், சாம்பல எடுக்கக் கூடாதுங்க.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். காற்று, கூரைச் செங்கல், குடை, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் குச்சியால் வரைந்தும் காட்டினேன். அவருக்குப் புரியவைக்க நான் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். உடனே புரிந்துகொண்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“அப்ப ஒங்க மூணு செட்டும்?”

“சுரண்டினதாலதான்.”

“உலையோட வந்தது?”

“அதுவும்தான்னு நெனைக்கிறேன்.”

உதடு அசையக் கணக்குப் போட்டார். “நூத்தித் தொண்ணூத்திரெண்டு கம்பி” என்றார். பிறகு, “அன்னிக்கி ரூம்ல டிசைன் தப்புன்னீங்களே மேடம்” என்றார்.

“அதுவும் தப்புதான்.”

“எனுக்காவ பொய் சொன்னீங்க.”

“உங்களுக்காகப் பாதி. நான் நோட்டுல எழுதினதுக்காகப் பாதி.”

கொக்கியை எடைமேடையின் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்தார். அது விழுந்தது. எடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. இதை நவம்பரிலேயே, அந்தக் கலர் சோடாவுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

“லிஸ்ட்டுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது. அது வர்ற வரைக்கும் நோட்டுல மாத்தி எதுவும் எழுதாதீங்க மேடம். அது மட்டும் செய்யுங்க.”

“எழுதல. நீங்க வேணும்னா திங்கக்கிழமை மட்டும் சுரண்டிக்குங்க. மேனேஜர் பார்க்கிற அன்னிக்கு மட்டும். மத்த நாள் விட்டுடுங்க.”

“வாரத்துல ஒரு நாளுன்னா கம்பி நூத்தியெம்பது நாளு நிக்குமா?”

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. “நிக்கலாம்” என்றேன்.

“நிக்காமயும் போவலாம்.”

“போகலாம்.”

சரி மேடம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கொக்கி அங்கேயே கிடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கொளஞ்சிநாதன் போன் செய்தார். ஒரு சின்ன விஷயம், தகவலுக்காக மட்டும் என்றார். “இன்னிக்கி ஓட்ட வழியா பார்த்தா கிரேட் முழுக்க சாம்பல் மேடம். நல்லா இருந்த ஆளு. ஏன்னு கேட்டா தலையச் சொறியறான். நாளைக்கு கம்பி எரிஞ்சா எங்க மேல பழி போட்றாதீங்க. நான் அவன் ஃபைல்ல குறிச்சு வெச்சிட்டேன்.”

கலியனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சரி சார் என்று மட்டும் சொன்னேன். அடுத்த திங்களும் சாம்பல் இருந்தது. அதற்கடுத்த திங்களும் இருந்தது.

மார்ச் கடைசியில் லிஸ்ட் வந்தது. பதினோரு பெயர். டீக்கடைக்குப் போகும் மூன்றாம் ஷிஃப்ட்டுக்காரர் பெயர் இருந்தது. கலியன் பெயர் இல்லை.

வாக்கு முடிந்துவிட்டது. அன்றே போய்க் கொளஞ்சிநாதன் முன்னால் உட்கார்ந்து, சாம்பல் இருக்க வேண்டும், அவர் செய்வதுதான் சரி, நான் முன்பு எழுதியதுதான் தப்பு என்று ஆதி முதல் சொன்னேன். பார்வையாளர் நோட்டைக் கேட்டேன். அவர் அதை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்.

“நீங்கதான் சுத்தம்னு எழுதினீங்க, அப்பறம் டிசைன் தப்புன்னீங்க. இப்ப சாம்பல்னு சொல்றீங்க. நூத்தியெண்பது நாள் போகட்டும் மேடம். அதுக்கு முன்னால எழுதினா மறுபடி மாத்த வேண்டி வரும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அந்தக் கம்பிகளுக்கு வயது ஐம்பத்தேழு நாள்.

அதன்பின் நான் நாட்களை எண்ணினேன். டிராயிங் மேஜைக்கு மேலிருந்த காலண்டரில் எண்பது ஆனது, நூற்றிருபது ஆனது. ஒரு புது மூடிக்கு ஆர்டர் வந்தது, ஏழாவது வகை. அதையும் வரைந்தேன். நூற்று ஐம்பதில் சவரிராஜ் என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் மேஜை விளக்கை மாற்றிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் ஏழு, திங்கள். நூற்றெண்பத்தாறாவது நாள். ஒன்றரை மணிக்கே போய்விட்டேன். லிஸ்ட்டுக்குப் பிறகு கலியனை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவர் என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார், “வாங்க மேடம், ஒண்ணு காட்டறன்” என்றார். கதவைத் திறக்கவில்லை. கண்ணாடி பதித்த பார்க்கும் ஓட்டையைத் துடைத்துவிட்டு விலகி நின்றார்.

குனிந்து பார்த்தேன். குப்பை எரிந்து முடிந்த இடத்தில் கிரேட் முழுவதும் சாம்பல். ஆனால் அது கொட்டிக் கிடந்த சாம்பல் இல்லை. சுரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தட்டி, மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்திருந்தார். விளிம்புகள் நேர்க்கோட்டில் நின்றன. இடதுகை மூலையில்கூட, துருத்திய செங்கல்லுக்குப் பின்னாலும், அதே உயரம்.

“மூணு விரக்கடை” என்றார் கலியன். “எல்லா எடத்துலயும் ஒரே அளவு. அஞ்சி நிமிசந்தான் ஆவுது, புளோயர நிறுத்தறதில்ல. சாம்பலுன்னாலும் அடுத்தவனுக்குக் கைமாத்தறப்ப ஒரு ஒழுங்கா இருக்கணுமில்ல மேடம்?”

எனக்கு அழுகை வந்தது. உலைக்கு முன்னால் நின்றால் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கொளஞ்சிநாதன் வந்தார். உலையை ஆறவிட்டு மறுநாள் மூன்று கம்பிகளைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றிலும் ‘ர-4’ என்ற அடையாளம் படிக்கும்படி இருந்தது. நோட்டை அவரே கொண்டுவந்து பிரித்து வைத்தார். ஒரு முழுப் பக்கம் எழுதினேன். முன்பு நான் எழுதியது தவறு, அந்தத் தவறால் நூற்று நாற்பத்து நான்கு கம்பிகள் வீணாயின, அதற்கு நானே பொறுப்பு, கிரேட்டின் மேல் மூன்று விரற்கடைச் சாம்பல் இருக்க வேண்டும், அதைத் தம் பெயர் கெடும் என்று தெரிந்தே ஆறு மாதமாகச் சரியாகச் செய்தவர் முதல் ஷிஃப்ட் ஆபரேட்டர் திரு. கலியன். கொளஞ்சிநாதன் மெதுவாகப் படித்தார்.

“மூணு வரி போதாதா மேடம்?”

“போதாது சார்.”

கையெழுத்துப் போட்டார். கீழே, ‘செப்டம்பர் லிஸ்ட்டுக்குப் பரிசீலிக்கலாம்’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தார்.

செப்டம்பர் லிஸ்ட்டில் ஒன்பது பெயர். எட்டாவது கலியன். அவரும் விருத்தாம்பாளும் ஒரு கிலோ மைசூர்பாகோடு ஃபவுண்டரிக்கு வந்தார்கள். பெர்மனென்ட் ஆனவர்களை உலையில் வைப்பதில்லையாம், எடைமேடையில் போட்டிருக்கிறார்களாம். அங்கே சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை, அது ஒன்றுதான் குறை என்றார். உலையில் புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆளுக்குச் சாம்பலைத் தட்டிச் சமன் செய்ய ஒரு வாரம் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

விருத்தாம்பாள் அதே பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். நான் எழுதிய முழுப் பக்கம், லேமினேஷன் செய்தது. அதன் அடியில் பழைய மூன்று வரியும் அப்படியே இருந்தது.

“இத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க கலியன்? இது தப்பு. தூக்கிப் போடுங்க.”

அவர் இரண்டையும் வாங்கி, ஓரம் ஓரத்தோடு சேரும்படி அடுக்கி, கவருக்குள் போட்டார்.

“தப்புதான் மேடம்” என்றார். “ஆனா அன்னிக்கி நான் சுத்தமாத்தான வெச்சிருந்தன்.”